ஐப்பசி மழையும் வெந்நீர்க் கணக்கும்

கடலூரில் வெந்நீர் தேவைப்படும் மாதங்களும் வானம் மூடிக் கிடக்கும் மாதங்களும் பெரும்பாலும் ஒன்றுதான். சித்திரை, வைகாசியில் மொட்டை மாடித் தொட்டித் தண்ணீரே மதியத்தில் கையைச் சுடும். அப்போது வெந்நீர் கேட்பார் யாருமில்லை. ஐப்பசி பிறந்து வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டதும் வீடு முழுக்க வெந்நீர் கேட்கத் தொடங்கும். தீபாவளி எண்ணெய்க் குளியலை எடுத்துக்கொள்ளுங்கள். விடியும் முன்னே, வீட்டில் அத்தனை பேருக்கும், பல வருடங்களில் கொட்டும் மழையில். சூரியனை நம்பி ஹீட்டர் வைக்கிறவர் முதலில் யோசிக்க வேண்டிய நாள் அதுதான். பெங்களூரிலோ கோயம்புத்தூரிலோ இருக்கும் உறவினர் சொல்லும் யோசனை அவர்கள் ஊருக்குச் சரியாக இருக்கும். இந்தக் கடற்கரைக்குக் கணக்கு வேறு.

எங்கள் வீடு புதுப்பாளையத்தில் இருக்கிறது. நானும் கணவரும், மூட்டு வலியோடு அத்தையும். அத்தைக்குக் கத்திரி வெயிலிலும் இடுப்புக்குக் கீழே வெந்நீர் ஊற்றினால்தான் காலை நடை வரும். மகள் தலைப்பிரசவத்துக்கு வந்தபோது வெந்நீர்த் தேவை திடீரென்று பெருகியது. அவளுக்கு உடம்புக்கு ஊற்ற, பிள்ளையைக் குளிப்பாட்ட, பிள்ளைத் துணி அலச என்று பொழுது விடிந்து பொழுது போகும் வரை குளியலறை ஹீட்டரின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. அத்தை காலை நீட்டி உட்கார்ந்து, பிள்ளையைக் கால்மேல் கிடத்தி, விளாவிய தண்ணீரைச் சொம்பில் எடுத்துத் தன் புறங்கையில் ஊற்றிப் பார்த்த பிறகே பிள்ளை மேல் ஊற்றுவார். சற்றுச் சூடு குறைந்தாலும், கூடினாலும் மறுபடி விளாவச் சொல்வார். அந்தப் பதத்தை அளந்து பார்க்கச் சமையலுக்கென்று விற்கும் டிஜிட்டல் வெப்பமானி ஒன்றை வாங்கி வந்தேன். பிள்ளைக்கு 37, 38 டிகிரி, பெரியவர்களுக்கு 40. அதற்கு மேல் யாருக்கும் வேண்டியிருக்கவில்லை.

அந்த வெப்பமானிதான் எனக்குக் கண்ணைத் திறந்துவிட்டது. மார்கழி விடியற்காலையில் தொட்டித் தண்ணீர் 23, 24 டிகிரி இருந்தது. குளிக்க வேண்டியது 40. ஆக, ஏற்ற வேண்டிய சூடு 16 டிகிரிதான். ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க ஒரு கிலோ கலோரி. ஒரு யூனிட் மின்சாரம் என்பது 860 கிலோ கலோரி. 15 லிட்டர் வாளி ஒன்றுக்கு 240 கிலோ கலோரி, அதாவது கால் யூனிட்டுக்குச் சற்று மேல். நான்கு பேர் வாளியில் குளித்தால் 1.1 யூனிட். மலை ஊர்களில் இதைப்போல இரண்டு மடங்கு ஆகும். இங்கே குளிர் குறைவு, ஆகவே தேவையும் குறைவு. எதை வாங்கலாம் என்று கடை ஏறுவதற்கு முன் எல்லோரும் இந்தக் கணக்கைத் தங்கள் வீட்டு வாளியை வைத்துப் போட்டுப் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். ஷவரில் குளிக்கும் வீடென்றால் கணக்கு மாறும். சாதாரண ஷவர் நிமிடத்துக்கு எட்டுப் பத்து லிட்டரைக் கொட்டிவிடும்.

ஆனால் எங்கள் மின்கட்டணம் இந்தக் கணக்கோடு ஒத்துப்போகவில்லை. காரணம் எங்கே என்று பார்க்கத் தெரிந்த எலக்ட்ரீஷியன் தம்பியை வரச்சொன்னேன். 25 லிட்டர் ஹீட்டரைக் கழற்றி, தண்ணீரை வடித்து, தண்ணீரைச் சூடாக்கும் காயிலை அடியிலிருந்து உருவி எடுத்தார். கருப்பாக, விரல் பருமனில் இருக்க வேண்டிய காயில், மணிக்கட்டுப் பருமனுக்கு வெள்ளையும் பழுப்புமாக உப்பேறிப் போயிருந்தது. ஸ்குரூடிரைவரின் பிடியால் தட்டினார். ஓடு ஓடாக உதிர்ந்து விழுந்தது. தொட்டியின் அடியில் இருந்து அதே உப்புச் சில்லுகள் ஒரு சொம்பு அளவு வந்தன. “போர் தண்ணீர்தானே அம்மா? கடலோரத்தில் எல்லா வீட்டுக் கதையும் இதுதான். நீங்கள் 70 டிகிரியில் வைத்திருக்கிறீர்கள். 60ஐத் தாண்டினால் உப்பு இன்னும் வேகமாகப் படியும்,” என்றார்.

உப்பு ஓடு வெப்பத்தைத் தண்ணீருக்குப் போகவிடாமல் தடுக்கிறது. தண்ணீர் சூடாக நேரம் பிடிக்கிறது. காயில் உள்ளுக்குள் அளவு கடந்து காய்ந்து ஒருநாள் வெடிக்கிறது. மகள் இருந்த மாதங்களில் நாள் முழுவதும் ஹீட்டர் போட்டபடியே இருந்ததால் தொட்டியின் சுவர் வழியாக வெளியேறிய சூடும் சேர்ந்துகொண்டது. இங்கே நட்சத்திரக் குறியீட்டைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். ஐந்து நட்சத்திர ஹீட்டர் குறைந்த மின்சாரத்தில் அதிகத் தண்ணீரைச் சூடாக்கும் என்று பலரும் நினைக்கிறார்கள். மின்காயில் எந்த ஹீட்டரிலும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் சூடாக்கும். சூடான தண்ணீர் தொட்டியில் சும்மா நிற்கும்போது எவ்வளவு சூடு வெளியேறுகிறது என்பதை வைத்தே தொட்டி ஹீட்டர்களுக்கு அந்த நட்சத்திரம் தரப்படுகிறது. போட்டு, குளித்து, உடனே அணைக்கும் வீட்டில் அதன் பலன் சிறிது. நாள் முழுக்கப் போட்டிருக்கும் வீட்டில் பெரிது.

கட்டணத்தில் இன்னொரு நுணுக்கம் உண்டு. தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுக்கிறார்கள். நாங்கள் சோலாருக்கு மாறிய காலத்தில் முதல் 100 யூனிட் இலவசம். மொத்தம் 500 வரை ஒரு விலைப்பட்டியல், 500ஐத் தாண்டினால் வேறு பட்டியல். தாண்டியவுடன் 101 முதல் 200 வரைக்கான மலிவு விலையும் கைவிட்டுப் போகும். ஆகவே ஹீட்டருக்குச் செலவாகும் யூனிட்டைச் சராசரி விலையில் பெருக்கிப் பார்ப்பதில் பயனில்லை. மேலே கடைசியாக ஏறி நிற்கும் யூனிட்டுகள் அவைதான். அவற்றுக்குத்தான் அதிக விலை.

பணத்தைத் தவிர இன்னொன்றும் என் மனதில் இருந்தது. எங்கள் மாவட்டத்திலேயே நெய்வேலி இருக்கிறது. பூமியைத் தோண்டி லிக்னைட் என்னும் பழுப்பு நிலக்கரியை எடுத்து எரித்தால், அந்த வெப்பத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் மின்சாரமாகிறது. அப்படி வரும் மின்சாரத்தை வீட்டில் மறுபடி வெறும் வெப்பமாக்கி, அதுவும் வெயில் கொளுத்தும் ஊரில், 40 டிகிரி தண்ணீர் காய்ச்சுவது எனக்கு உறுத்தலாகவே இருந்தது. ஆரோவில் சோலார் கிச்சனின் கூரையில் இருக்கும் 15 மீட்டர் அகலக் கண்ணாடிக் கிண்ணம் வெயிலைக் குவித்து நீராவியே எழுப்புவதற்காக அமைத்தது. குளிக்கும் தண்ணீருக்கு அதில் எத்தனையில் ஒரு பங்கு போதும்!

அத்தைக்கு ஆண்டு முழுவதும் வேண்டும் என்பதால் சோலார் என்று முடிவு செய்தோம். அதிலும் இரண்டு வகை. செப்புக் குழாய்கள் பதித்த தட்டையான தகடு ஒன்று. இரட்டைக் கண்ணாடிக் குழாய்களுக்கு நடுவே வெற்றிடம் உள்ளது இன்னொன்று. நல்ல தண்ணீர் உள்ள ஊரில் தகடு நெடுநாள் உழைக்கும். எங்கள் தண்ணீரில் அந்த மெல்லிய செப்புக் குழாய்கள் உப்பால் அடைத்துக்கொள்ளும். கண்ணாடிக் குழாய் அகலமானது. உப்பு அடியில் படிந்தாலும் கழற்றிக் கழுவிப் போடலாம், உடைந்தால் அந்த ஒன்றை மட்டும் மாற்றலாம். 100 லிட்டர் கண்ணாடிக் குழாய் ஹீட்டரை எடுத்தோம். உள்தொட்டி ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்று சொன்னால் அதோடு விட்டுவிடக் கூடாது; உப்புத் தண்ணீரில் சாதாரண ஸ்டீலிலும் ஊசித்துளை விழும். உட்புறம் கண்ணாடிப் பூச்சு செய்து, மெக்னீசியம் கம்பி செருகிய தொட்டியைக் கேட்டு வாங்கினோம். தொட்டி அரிப்பதற்குப் பதில் அந்தக் கம்பி கரையும். கரைந்ததும் புதிதாகச் செருகிவிடலாம். வருடம் ஒருமுறை கழற்றிப் பார்க்கிறோம்.

அதைவிடப் பயன் தந்தது ஒரு சின்ன ஏற்பாடு. ஹீட்டருக்குப் போகும் குழாயைப் போர் தண்ணீர்த் தொட்டியிலிருந்து பிரித்து, மாநகராட்சித் தண்ணீருக்கென்று தனியே ஒரு சிறிய தொட்டி வைத்தோம். விளாவுகிற பச்சைத் தண்ணீர் போரிலிருந்தே வருகிறது. காய்ச்சுகிற தண்ணீர் மட்டும் உப்பு குறைந்தது. இதற்கான செலவு ஹீட்டர் விலையில் சிறு பங்குகூட இல்லை.

பொருத்துகிற நாளில் வீட்டார் ஒருவர் மாடியில் நிற்பது நல்லது. அழுத்தம் இல்லாத சாதாரண சோலார் ஹீட்டரில், பச்சைத் தண்ணீர்த் தொட்டியின் அடிப்பகுதி வெந்நீர்த் தொட்டியின் உச்சியைவிட உயரமாக இருந்தால்தான் தண்ணீர் ஒழுங்காக இறங்கும். எங்கள் தொட்டிக்குச் செங்கல் வைத்து மேடை கட்ட வேண்டியிருந்தது. வெந்நீர்த் தொட்டியிலிருந்து மேலே போகும் காற்றுக் குழாயை எதற்காகவும் அடைக்கக் கூடாது. ஆவி வெளியேறவும், தண்ணீர் இறங்கும்போது காற்று உள்ளே வரவும் அதுதான் வழி. அடைத்தால் தொட்டி உப்பவோ உள்வாங்கி நசுங்கவோ செய்யும். காலியாக வெயிலில் காய்ந்த குழாய்க்குள் பச்சைத் தண்ணீர் பாய்ந்தால் கண்ணாடி படீரென்று விரிசல் விடும். அதனால் முதல்முறை நிரப்புவதும், தொட்டி வறண்டபின் நிரப்புவதும் அதிகாலையிலோ இருட்டிய பிறகோதான். வெந்நீர் இறங்கும் குழாய் சாதாரண பி.வி.சி.யாக இருந்தால் சூட்டில் வளைந்து தொங்கும், சூடு தாங்கும் சி.பி.வி.சி.தான் வேண்டும், மேலே பஞ்சுறையும் சுற்ற வேண்டும்.

சாய்வு விஷயத்தில் நான் பிடிவாதமாக நின்றேன். கடலூர் பூமத்திய ரேகைக்கு வடக்கே 12 பாகைக்குள் இருக்கிறது. சித்திரையில் சூரியன் உச்சந்தலைக்கு நேர் மேலே வந்துவிடும். மார்கழி நண்பகலில் தெற்கே சாய்ந்து சுமார் 55 பாகை உயரத்தில்தான் நிற்கும். நமக்கு வெயில் வேண்டியது மார்கழியில். ஆகவே குழாய்களைத் தெற்குப் பார்த்து சற்றே நிமிர்த்திச் சாய்த்து வைக்கச் சொன்னேன். குளிர்காலத்தில் வெயில் நேராக விழுகிறது. கோடையில் வழுக்கிப் போகிறது. அப்படியும் பங்குனிக்கு மேல் தொட்டி கொதித்து ஆவி பறக்கும். உப்பு படிவதும் அப்போதுதான் அதிகம். பாதிக் குழாய்களைத் தென்னங்கீற்றால் மூடிக் கட்டிவிடுகிறோம். ஆவணிக்குப் பிறகு அவிழ்க்கிறோம்.

மழைக்காலத்துக்கு வருகிறேன். மேகம் கவிந்த நாளிலும் கண்ணாடிக் குழாய் சும்மா இருப்பதில்லை. 26 டிகிரி தண்ணீரை மாலைக்குள் 32, 33க்குக் கொண்டுவந்துவிடுகிறது. குளிக்கப் போதாது, ஆனால் ஏற்ற வேண்டிய சூட்டில் பாதி வேலை முடிந்துவிட்டது. மீதியை ஏற்றுவதற்குக் கடைக்காரர் சோலார் தொட்டிக்குள்ளேயே மின்காயில் ஒன்றைப் பொருத்தித் தருவதாகச் சொன்னார். நாங்கள் வேண்டாம் என்றோம். ஒரு வாளிக்காகச் சுவிட்சைப் போட்டாலும் அது 100 லிட்டரையும் காய்ச்சும். காலையில் காய்ச்சிவிட்டால் அன்றைக்கு வருகிற கொஞ்ச வெயிலுக்கும் தொட்டியில் வேலை இருக்காது. அதற்குப் பதில் குளியலறையில் 10 லிட்டர் ஹீட்டர் ஒன்றை வைத்து, சோலாரிலிருந்து வரும் வெதுவெதுப்பான தண்ணீரை அதற்குள் விட்டோம். வெயில் நாளில் உள்ளே வரும்போதே தண்ணீர் சூடாக இருப்பதால் சூட்டின் அளவைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் தானாகவே அணைந்து கிடக்கிறது. மழை நாளில் ஏழெட்டு டிகிரி ஏற்றினால் போதும். ஒரு எச்சரிக்கை: சூடான தண்ணீரை உள்ளே விட எல்லா ஹீட்டரும் ஏற்றதல்ல. வாங்கும்போதே எத்தனை டிகிரி வரை தாங்கும் என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

குழாய் நீளத்தையும் கவனியுங்கள். முக்கால் அங்குலக் குழாய் 10 மீட்டர் ஓடினால் அதற்குள் மூன்று லிட்டர் தண்ணீர் நிற்கிறது. குழாயைத் திறந்தவுடன் வருவது ஆறிப்போன அந்தத் தண்ணீர்தான். மாடியில் ஹீட்டர், கீழ்வீட்டின் கடைசி மூலையில் குளியலறை என்றால் ஒவ்வொரு குளியலுக்கும் அவ்வளவும் சாக்கடைக்குப் போகும். எங்கள் வீட்டில் அதை வாளியில் பிடித்து விளாவப் பயன்படுத்துகிறோம். வீட்டில் எல்லோரும் அடுத்தடுத்துக் குளித்துவிடுவதும் ஒரு சிக்கனம்.

புயலைப் பற்றிச் சொல்லாமல் கடலூரில் மாடியில் எதையும் நிறுத்தக் கூடாது. 2011 டிசம்பர் 30 அன்று “தானே” புயல் அடித்தபோது எங்கள் தெருவில் மாடிகளில் இருந்தவை எல்லாம் பறந்தன. பிறகு வாரக்கணக்கில் கரண்ட் இல்லாமல், விழுந்த மரத்தை வெட்டி அண்டாவில் வெந்நீர் வைத்தோம். அதை மனதில் வைத்து, ஹீட்டரின் கால்களைத் தளத்தில் வெறுமனே வைக்காமல் கான்கிரீட் திண்டு போட்டு போல்ட்டால் பிணைத்தோம். சாதாரண இரும்புத் திருகாணிகள் உப்புக் காற்றில் துருப்பிடிக்கும் என்பதால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போல்ட். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறியபோது, தொட்டியை முழுக்க நிரப்பி வைத்திருந்தோம்; 100 லிட்டர் தண்ணீர் என்றால் 100 கிலோ பாரம். பக்கத்து வீட்டுத் தென்னையிலிருந்து விழுந்த மட்டை ஒரு குழாயை உடைத்ததோடு சரி. அந்தத் துளைக்கு ரப்பர் மூடி போட்டு அடைத்துவிட்டு, மற்றக் குழாய்களோடு ஓட்டினோம். தென்பெண்ணையில் வெள்ளம், கரண்ட் இல்லை என்று ஊரே தவித்த அந்த நாட்களில் வெயில் எட்டிப் பார்த்ததும் அத்தைக்கு வெந்நீர் கிடைத்தது. பம்ப் இல்லை, மின்சாரம் இல்லை. சூடான தண்ணீர் தானே மேலேறித் தொட்டியில் சேர்கிறது. அன்றைக்கு இந்தப் பொருள் மீது எனக்கு வந்த நன்றியுணர்ச்சி இன்னும் குறையவில்லை.

புதுச்சேரி லாஸ்பேட்டையில் இருக்கும் என் தங்கைக்கு இது ஒத்துவரவில்லை. அவள் இருப்பது அடுக்குமாடி வீடு. மாடி அவளுக்குச் சொந்தமில்லை. கூட்டுக் குடும்பம் வேறு. அவர்கள் ஹீட் பம்ப் வைத்தார்கள். ஃபிரிட்ஜ் உள்ளே இருக்கும் சூட்டைப் பின்பக்கம் தள்ளுவதுபோல, இது வெளிக்காற்றில் இருக்கும் சூட்டை இழுத்துத் தண்ணீருக்குள் தள்ளுகிறது. ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சுமார் மூன்று யூனிட் வெப்பம் கிடைக்கும். 100 லிட்டரை 20 டிகிரி ஏற்ற மின்காயிலுக்கு 2.3 யூனிட் ஆகும். இதற்கு ஒரு யூனிட்டுக்கும் குறைவு. காற்று எவ்வளவு வெதுவெதுப்போ அவ்வளவு லாபம் என்பதால் நம் கடற்கரைக்கு இது இயல்பாகவே பொருந்துகிறது. ஐப்பசி நள்ளிரவு மழையிலும் இங்கே காற்று 23, 24 டிகிரி இருக்குமே! “அக்கா, துணி காய வைக்கும் பால்கனியில் வைத்துவிட்டோம், குளிர்ந்த காற்று வருகிறது, தண்ணீரும் சொட்டுகிறது,” என்று தங்கை முதல் வாரம் சொன்னாள். அது பழுது அல்ல. காற்றிலிருந்து சூட்டை எடுத்தால் ஈரமும் சொட்டத்தான் செய்யும், ஒரு வடிகுழாய் போட்டால் போதும். படுக்கையறைச் சன்னலுக்கு வெளியே வைத்தால் சத்தம் தூக்கத்தைக் கெடுக்கும். அலுமினிய மடிப்புகளில் உப்பு படியாமல் நல்ல தண்ணீரால் அவ்வப்போது அலச வேண்டும்.

ஆனால் விலை. எங்கள் சோலாரைப் போலப் பல மடங்கு. பெரிய குடும்பம், விடுதி, தங்கும் அறைகள் வாடகைக்கு விடும் வீடு என்றால் போட்ட பணம் திரும்பும். எங்கள் மேல்வீட்டில் குடியிருக்கும் சின்னக் குடும்பம், “நாங்களும் சோலாரோ ஹீட் பம்போ வைக்கலாமா அம்மா?” என்று கேட்டார்கள். இரண்டு பேர், இரண்டு வாளி, வருடத்தில் நான்கு மாதம். ஒரு நாளைக்கு அரை யூனிட்டைச் சற்றுத் தாண்டும். அந்தச் செலவை மிச்சப்படுத்தப் பல்லாயிரம் போடுவதை நான் ஒப்புக்கொள்ளவில்லை. சிறிய ஹீட்டர், 50 டிகிரி அளவு, குளிப்பதற்குக் கால் மணி நேரம் முன்பு போட்டு அணைப்பது, வாரம் ஒருமுறை மட்டும் கிருமி வளராமல் இருக்க 60க்கு மேல் காய்ச்சி விடுவது. அவர்களுக்கு அதுவே சிக்கனம் என்று சொன்னேன். சோலார் என்றாலே மானியம் உண்டா என்று கேட்கிறார்கள். 2024இல் வந்த பி.எம். சூர்ய கர் திட்டத்தின் மானியம் மின்சாரம் தயாரிக்கும் தகடுகளுக்குத்தான். வெந்நீர்க் குழாய்களுக்கு இல்லை. மாடியில் இடம் குறைவாக இருப்பவர்கள் மின்தகடு போட்டு, நண்பகலில் ஹீட் பம்பை ஓட்டி வெந்நீரைச் சேமித்துக்கொள்வதும் நல்ல வழி.

வாளிக்குள் போடும் ஹீட்டர் ராடு மட்டும் வேண்டவே வேண்டாம். மலிவு என்று வாங்கி, ஈரத்தரையில் நின்றுகொண்டு, சுவிட்சை அணைக்காமல் தண்ணீரில் விரலை விட்டுப் பார்ப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எந்த ஹீட்டர் வைத்தாலும் எர்த் சரியாக இருக்கிறதா என்று பார்த்து, 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. ஒன்றைப் பலகையில் போட்டுவிடுங்கள்.

எங்கள் வீட்டில் புரட்டாசி வேலைகள் இப்போது பழகிவிட்டன. சோலார் தொட்டியின் அடி வால்வைத் திறந்து வண்டலை வடிக்கிறோம், குழாய்களில் படிந்த தூசியையும் உப்பையும் ஈரத்துணியால் துடைக்கிறோம், போல்ட்டுகளை இறுக்குகிறோம், தென்னை மட்டைகளைக் கழித்துவிடச் சொல்கிறோம். குளியலறை ஹீட்டரின் காயிலை அந்தத் தம்பி வந்து உருவிப் பார்த்துவிட்டுப் போகிறார். போன முறை அதில் நகத்தால் சுரண்டி எடுக்கும் அளவுக்குத்தான் உப்பு இருந்தது. மகள் இந்தத் தீபாவளிக்குப் பிள்ளையோடு வருகிறாள். பத்து வாளிக்காவது தண்ணீர் வேண்டும். மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் முந்தின நாள் மாலையே வெப்பமானியை வைத்துத் தொட்டித் தண்ணீரின் சூட்டைப் பார்த்துவிட்டுத்தான் ஹீட்டர் சுவிட்சைத் தொடுவேன்.